அன்புக்கரசிக்கு வந்த சார்ஜ்

தனபாலன் முப்பத்தாறு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். அந்த முப்பத்தாறு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர். இதை அவராக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் அபிராமபுரத்தில் அவர் குடியிருந்த தெருவில் இதைத் தெரியாதவர் யாரும் கிடையாது. எழுபத்து நான்கு வயதில் கீரைக்காரியைக் கூப்பிட வாசலுக்கு வந்தால்கூட இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். முதுகு நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் கிடையாது. கைபேசி அணைந்துபோனால், "கரண்ட்டு ஏத்து" என்பார். பஸ்ஸில் எவ்வளவு ஆயிற்று என்று கேட்க வேண்டுமானால், "டிக்கெட் எவ்வளவு?" என்பார். அடுத்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், "வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்பார். சார்ஜ் என்ற சொல்லோ, அது வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு சொல்லோ அவர் வாயிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி இருந்தவரைக்கும் அவளும் அப்படியேதான் பேசினாள்.

அதனால் ஜூன் மாதம் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மகள் அன்புக்கரசி போனில் அந்தச் சொல்லைப் போட்டு உடைத்தபோது, அவருக்குக் காதுக்குள் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோல் இருந்தது.

"அப்பா, எனக்கு சார்ஜ் குடுத்துட்டாங்கப்பா. இப்பதான் ஆர்டர் கைக்கு வந்துச்சு. கை காலெல்லாம் நடுங்குது. சாயந்திரத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். என்ன எழுதறது, எப்படி எழுதறதுன்னே புரியல. யார்கிட்டயும் இப்ப சொல்லிடாதீங்க. அப்பா, சார்ஜ் வேற..."

அதோடு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

'சார்ஜ் வேற' என்றாளே! ஒன்று போதாதென்று இன்னொன்றா?

அன்புக்கரசி தி.நகரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். கணவன், இரண்டு பிள்ளைகளோடு நந்தனத்தில் குடியிருந்தாள். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு சார்ஜ் கொடுத்தார்கள் என்றால் தனபாலனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: குற்றச்சாட்டு. காகிதத்தில் வரிசை எண் போட்டு, இன்ன தேதியில் இன்ன தவறு செய்தாய், உன் விளக்கம் என்ன என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அதை வாங்கியவர் காலையில் வந்த அதே ஆளாகச் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது.

அவர் முதலில் செய்த காரியம், தெருப்பக்க ஜன்னலைச் சாத்தியது. சாத்திவிட்டு, இது யார் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்திருக்குமா? வாய்வரைக்கும் ஒரு வாக்கியம் வந்து நின்றது: 'முதல்ல உன் பேரைச் சுத்தம் பண்ணிட்டு வா.'

அந்த வாக்கியம் அவருக்குப் புதிதல்ல. அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒருமுறை சொல்லியிருக்கிறார், தம்பி அறிவுடைநம்பியிடம். வேறொரு துறையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த அறிவுக்கு, இரண்டு டைப்ரைட்டரும் நாலு மின்விசிறியும் காணோம் என்று சார்ஜ் வந்தது. அண்ணன் எழுதிய அலுவலகக் குறிப்புக்கு மறுபதில் எழுத எந்த மேலதிகாரியாலும் முடியாது என்று பெயர் இருந்த காலம் அது. பதில் எழுதித் தரச் சொல்லிக் காகிதக் கட்டோடு வந்து வாசலில் நின்றான் அறிவு. தனபாலன் கதவைப் பாதி திறந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சாத்தினார். குடும்பத்தில் அதுவரை யார் பேரிலும் ஒரு சொல் விழுந்ததில்லை. விழவிடக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பு.

நான்கு வருஷம் விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள். செய்தி இவர் காதுக்கும் வந்தது. ஆனால் அறிவு வரவில்லை. 'சுத்தம் பண்ணிட்டு வா என்றுதானே சொன்னேன்? சுத்தம் ஆன பிறகும் வரவில்லையே, அவ்வளவு திமிரா?' என்று அதையும் தம்பி கணக்கிலேயே எழுதினார் தனபாலன். மனைவி இறந்த அன்று தெருமுனை மருந்துக் கடையோரம் அறிவு நின்றிருந்ததை அவர் பார்த்தார். அவன் கூப்பிடாமல் வரமாட்டான் என்று தெரியும். கூப்பிடவில்லை.

இப்போது அதே வாக்கியம் மகளுக்காக வந்து நாக்கில் உட்கார்ந்திருந்தது. என்ன முயன்றும் வெளியே வரவில்லை. அன்பு அப்படிச் செய்யமாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று தன்னையே கேட்டார். என் மகள், எனக்குத் தெரியாதா என்று பதில் வந்தது. அப்படியானால் அவன் மட்டும் யார் தம்பி என்று அடுத்த கேள்வி வந்தபோது, அவர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

சார்ஜுக்குப் பதில் எழுதி, நாலு வருஷம் போராடி ஜெயித்த ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் மகள் கல்யாணப் பத்திரிகை, இவர் போகாத கல்யாணத்துடையது, அலமாரியில் இருந்தது. அதில் பாலவாக்கம் விலாசம் இருந்தது.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பாலவாக்கம் போகணும். அவசரம்."

"பாலவாக்கமா? சார்ஜ் பத்தாது சார்."

தனபாலனுக்குச் சுருக்கென்றது. "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. அதுக்குள்ள பத்தாதுங்கிறே? எவ்வளவுதான் வேணும்?"

"நாப்பது பர்சென்ட்டாவது வோணும் சார், போய் ரிட்டர்ன் வரணும்ல."

"மீட்டருக்கு மேல நாப்பது பர்சென்ட்டா? பட்டப்பகல்ல கொள்ளையடிக்கிறியா?"

ஓட்டுநர் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார் நீ! நான் துட்டையா கேட்டேன்? வண்டிக்கு சார்ஜ் சார். பேட்ரி வண்டி இது. பாரு, இருபத்தெட்டுதான் கீது." கைப்பிடிக்கு நடுவில் எண் ஒளிர்ந்த பலகையைக் காட்டினார். "நம்ம பேரு ஷாஹுல் ஹமீது. இந்த ஏரியாவுல எவனாச்சும் நான் மேல கேட்டேன்னு சொல்லட்டும், வண்டிய உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன். குந்து. வீட்டாண்டையே இறக்கி வுடறேன். அப்பால திருவான்மியூர்ல நம்ம மச்சான் கடையில சார்ஜ் போட்டுக்கினு உன்னை இட்டுனு போக வந்துடறேன்."

தனபாலன் ஏறி உட்கார்ந்தார். சாயாமல்தான். அடையாறு பாலம் தாண்டும்வரை, அந்த ஒரு சொல் இன்றைக்கு ஏன் தன்னை இப்படித் துரத்துகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தார். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் நாலு வரியாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

அறிவின் வீடு கடலுக்குப் போகும் சின்னத் தெருவில் இருந்தது. உப்புக் காற்றில் கேட் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. மணியடித்ததும் வந்து பார்த்தவள் தம்பி மனைவி செண்பகம். பார்த்தவள் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே பார்த்து, "என்னாங்க, கீழ வாங்க," என்று மட்டும் குரல் கொடுத்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அறிவு, சட்டை விளிம்பில் நாலைந்து துணி கிளிப் தொங்க, இறங்கி வந்தார். அறுபத்தேழு வயது. தலையில் முடி இல்லை. அப்பாவின் முகம் அப்படியே வந்திருந்தது.

மனத்தில் எழுதி வைத்த நாலு வரியும் தனபாலனுக்கு மறந்துபோயிற்று.

"அன்புக்கு சார்ஜ் குடுத்திருக்காங்க," என்றார். "சாயந்திரத்துக்குள்ள பதில் எழுதணும். எனக்கு மெமோ வந்ததில்ல, அதுக்குப் பதில் எழுதிப் பழக்கமில்ல. உனக்குத்தான் தெரியும்."

செண்பகம்தான் முதலில் பேசினாள். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே மாதிரி உங்க வாசல்ல நின்னாரு மாமா. அவருக்கும் அவசரமாத்தான் இருந்துச்சு."

"தெரியும்மா," என்றார் தனபாலன். "உள்ள கூப்பிட்டா வர்றேன். இல்லன்னா இங்கயே நின்னு சொல்லிட்டுப் போறேன். அவளுக்கு எழுதிக் குடுத்தா போதும்."

அறிவு கேட்டைத் திறந்தார். "வெயில்ல நிக்காதண்ணா. உள்ள வா."

உள்ளே போய் உட்கார்ந்ததும் அறிவு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. 'நலமா' என்றுகூடக் கேட்கவில்லை. டாக்டரைப்போல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"என்ன சார்ஜ்? எத்தனை?"

"ரெண்டு போல இருக்கு. முதல்ல ஒண்ணு சொன்னா, அப்புறம் சார்ஜ் வேறன்னா, கட் ஆயிடுச்சு."

"எப்பக் குடுத்தாங்க?"

"காலையில."

"சாயந்திரத்துக்குள்ள பதிலா?" அறிவு பேனாவை மூடினார். "இருக்காதே. பதினஞ்சு நாள் தருவாங்க. எனக்குத் தந்தாங்க. கேட்டா இன்னும் பதினஞ்சு நாள் தந்தாங்க. அது சட்டம்ண்ணா. என்னைப் பிடிக்காதவனே எனக்கு அதைக் குறைக்கல."

"அதான் அநியாயம்கிறேன்!"

"இரு. அவ சொன்ன வார்த்தை அப்படியே சொல்லு. மெமோன்னு சொன்னாளா?"

தனபாலன் யோசித்தார். "சொல்லல. ஆர்டர்ன்னா."

"அழுதாளா?"

"நடுங்குதுன்னா. அழல."

அறிவு கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்குத் தேதி என்ன?"

"முப்பது."

"நீ என்னிக்கு ரிட்டயர் ஆனே?"

"மாசக் கடைசி, எல்லாரும் அன்னிக்குத்தானே..." என்று ஆரம்பித்த தனபாலன் பாதியில் நின்றார்.

அலுவலகத்தின் நம்பர் அவருடைய பாக்கெட் டைரியில் இருந்தது. அறிவு தன் போனில் போட்டு, இருவரும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கம் ஒருவர் எடுத்தார். "ஆபீஸ்... லாரன்ஸ் பேசறேன்."

"அன்புக்கரசி மேடத்தோட அப்பா பேசறேன். அவங்களுக்கு என்னப்பா ஆச்சு?"

"மேடத்துக்கு இன்னா சார்? ஒண்ணும் ஆவல. ஸ்டோர் ரூம்ல சார்ஜ் எடுத்துக்கினு கீறாங்க."

"எடுக்கறாங்களா? குடுத்திருக்காங்கன்னு சொன்னாங்களே?"

"குடுக்கறது எங்க சூப்பரண்டு சார். இன்னிக்கு ரிட்டயர்டு ஆவறார்ல? எடுக்கறது மேடம். இனிமே ஸ்டோர் செக்சனுக்கு அவங்கதான் இன்சார்ஜு. மால கூட வாங்கியாச்சு சார். அவங்க போனு என் டேபிள்லதான் சார்ஜ்ல கீது, இப்பதான் எட்டு பர்சென்ட் ஏறிகீது. இருங்க, கொண்டும் போய்க் குடுக்கறேன், அவங்களே பேசுவாங்க."

வைத்துவிட்டார்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அறிவும் சிரித்தார். தனபாலனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நிம்மதி அடங்குவதற்குள் இன்னொன்று தலையெடுத்தது. எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தாரோ அந்தக் காரணம் போய்விட்டது. மெமோ வாங்காத மனிதர், யாரும் கொடுக்காத மெமோவுக்குப் பதில் எழுதச் சொல்லி, விரட்டிவிட்ட தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்தார். "சரி. உனக்கு வீண் சிரமம். நான் வர்றேன்."

"அண்ணா, உக்காரு." அறிவின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அவன் ஸ்டோர்னானே, கேட்டியா?"

"கேட்டேன். நல்ல பதவிதானே?"

"நான் எப்படி மாட்டினேன்னு உனக்குத் தெரியாது. நீ கேக்கல, நானும் சொல்லல. எனக்கு முன்னால இருந்த ஆள் ரிட்டயர் ஆன அன்னிக்கு அஞ்சு மணிக்கு மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு, லிஸ்டை நீட்டினார். பெரியவர், எண்ணிப் பார்த்தா சங்கடப்படுவாரேன்னு நான் எண்ணாம கையெழுத்துப் போட்டேன். ரெண்டு டைப்ரைட்டரும் நாலு ஃபேனும் அவர் காலத்துக்கு முன்னாடியே இல்ல. கையெழுத்து என்னுது. சார்ஜ் எடுத்த லட்சணம்தான் எனக்கு சார்ஜ் ஆச்சு. ரெண்டும் ஒரே வார்த்தைண்ணா."

தனபாலன் உட்கார்ந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்குள் போன் அடித்தது. அன்புதான். "யாருங்க? லாரன்ஸ் இந்த நம்பருக்குப் பேசச் சொன்னாரு, அப்பான்னாரு..."

"அன்பு, கையெழுத்துப் போட்டுட்டியா?"

"சித்தப்பாவா? சித்தப்பா, அப்பா எங்க?"

"இங்கதான் இருக்கார். நல்லா இருக்கார். கையெழுத்துப் போட்டியா, இல்லையா?"

"அப்பா அங்கயா?"

"ஆமாம்மா, பாலவாக்கத்துல இருக்கேன்," என்றார் தனபாலன் உரக்க. "கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்லப்பா. அதுக்குத்தான் காலையில கூப்பிட்டேன், அதுக்குள்ள போன்ல சார்ஜ் தீந்துடுச்சு. சார் அவசரப்படுத்தறார். சாயந்திரத்துக்குள்ள எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுக்கணுமாம். லிஸ்ட்ல முப்பத்தொன்பது கம்ப்யூட்டர் இருக்கு. நான் எண்ணினா முப்பத்தாறுதான் வருது. மூணு எங்க இருக்குன்னு கேட்டா, எங்கயாவது இருக்கும்மா, இருபது வருஷமா என்னைத் தெரியும்ல, சந்தேகப்படறியாங்கறார். நல்ல மனுஷன்பா, அதான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். எப்படி முகத்துக்கு நேர மாட்டேன்னு சொல்றது?"

"மாட்டேன்னு சொல்ல வேண்டாம்," என்றார் அறிவு. "வாங்கிக்கோ. ஆனா எண்ணினதை மட்டும் வாங்கிக்கோ. அண்ணா, அதை எப்படி எழுதறதுன்னு நீ சொல்லு. உன் பாஷையில சொல்லு, எவனும் தட்டிக் கேக்க முடியாத மாதிரி."

தனபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினாறு வருஷமாக அவர் ஒரு குறிப்பும் எழுதியதில்லை. கண்ணை மூடினார். திறந்தபோது குரல் பழைய குரலாக இருந்தது.

"எழுதிக்கோ. 'பட்டியலில் கண்டுள்ள பொருள்களில், இன்று நேரில் காட்டப்பட்டு என்னால் எண்ணிச் சரிபார்க்கப்பட்டவற்றைப் பெற்றுக்கொண்டேன்...'"

"மட்டும் போடு," என்றார் அறிவு.

"எங்க?"

"சரிபார்க்கப்பட்டவற்றை மட்டும். அந்த மட்டும் இல்லாமத்தான் எனக்கு நாலு வருஷம் போச்சு."

"'சரிபார்க்கப்பட்டவற்றை மட்டும் பெற்றுக்கொண்டேன். எஞ்சிய மூன்று கணினிகள் குறித்த பொறுப்பு, அவை நேரில் காட்டப்படும் வரை என்னைச் சாராது.' எழுதிட்டியா? தேதி போடு. நேரமும் போடு. அவரையும் கீழ கையெழுத்துப் போடச் சொல்லு. ரெண்டு பிரதி."

"அவர் கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும். மாலை போடறப்ப நல்லா ரெண்டு வார்த்தை பேசிடு. நல்ல மனுஷன்னா சாயந்திரம் புரிஞ்சுப்பார்," என்றார் அறிவு.

வைப்பதற்கு முன் அன்பு, "சித்தப்பா, அப்பாவை அனுப்பிடாதீங்க, சாப்பிட வைங்க," என்றாள்.

மேஜைமேல் அறிவு எடுத்து வைத்த வெள்ளைத்தாள் எழுதப்படாமல் கிடந்தது. தனபாலன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு நான் எழுதிக் குடுத்திருக்கணும்டா."

"கையெழுத்துப் போட்டப்புறம் நீ எழுதி என்னண்ணா பிரயோஜனம்? எப்படியும் நாலு வருஷம் ஆகியிருக்கும்."

"பிரயோஜனத்துக்காகச் சொல்லல."

அறிவு சட்டை விளிம்பில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான்கு இருந்தன. "அது முடிஞ்சதும் நான் வந்திருக்கணும்," என்றார் கடைசியில். "தீர்ப்புக் காகிதத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை உங்க தெரு வரைக்கும் வந்தேன். கதவு பாதிதான் திறக்கும்னு தோணுச்சு."

"முழுசா திறந்திருப்பேன்னு சொன்னா பொய்யாயிடும்," என்றார் தனபாலன்.

செண்பகம் இரண்டு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சுடச்சுட சாதம், சங்கரா மீன் குழம்பு. "போதும் பேசினது. ஆறிடும்," என்றாள். "மாமா, காரம் அதிகமா இருந்தா சொல்லுங்க. சொன்னாலும் குறைக்க முடியாது, ஆனா சொல்லுங்க."

காரம் அதிகம்தான். தனபாலன் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தபோது குழம்பின்மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு மறுபடி போன் வந்தது. அந்தப் பெரியவர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் தாமே எழுந்து போய்ப் பீரோவைக் குடைந்து, மூன்று கம்ப்யூட்டரும் ரிப்பேருக்குப் போன ரசீதை எடுத்து வந்தாராம். கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்ததாம், அவருக்கே மறந்துவிட்டதாம். "நீ கேக்கலைன்னா நாளைக்கு என் பென்ஷனுக்கே வந்திருக்கும்மா" என்றாராம். இப்போது மேடையில் உட்கார்ந்திருக்கிறாராம். நான்தான் முதல் மாலை போடப்போகிறேன் என்றாள் அன்பு. பின்னால் மைக் கீச்சிட்டது.

ஷாஹுல் ஹமீது வாசலில் வந்து, எழுபத்தைந்து பர்சென்ட் ஏறியாச்சு, போகலாமா என்று குரல் கொடுத்தார். செண்பகம் அவருக்கு மோர் கொண்டுபோனாள்.

தனபாலன் உடனே எழவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவின் மகள், மருமகன், மடியில் ஒரு குழந்தை. பத்திரிகையில் படித்த பெயர்களை ஞாபகப்படுத்திப் பார்த்தார். குழந்தையின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

"டேய் அறிவு," என்றார். "உன் பேரப்பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"எந்தப் பிள்ளையைக் கேக்கறே, அண்ணா?" என்றார் அறிவு. "மூணு பேர் இருக்காங்க. உக்காரு, ஒவ்வொருத்தரா சொல்றேன்."